பச்சையாக

அரவேணு வளைவுக்குக் கீழே
ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு, நான்.
பத்து மணிக்கும் நாலு மணிக்கும்
சாக்கு சாக்காய் வந்து இறங்கும் இலை.
லெட்ஜரின் முதல் பத்தியில் அச்சடித்திருக்கும்:
கிரீன் லீஃப்.
இலை பச்சையாகத்தானே இருக்கும்,
இதை எதற்குத் தனியாகச் சொல்லணும் என்று
சேர்ந்த வாரத்தில் கேட்டேன்.
ஏஜெண்ட் போஜராஜ் சிரித்தார்:
"இங்கிலீஷ்காரன் உன்னையும் அப்படித்தான்டா சொல்வான்,
வேலைக்குப் புதுசுன்னு."

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய
மரபுத்தொடர் புத்தகத்தை அன்றிரவு புரட்டினேன்.
அவனுக்குப் பொறாமை வந்தால் முகம் பச்சையாகிறது.
நட்டது துளிர்த்தால் கட்டைவிரல்.
வயிறு புரட்டினால்
மீனைப் போலச் செவுள் முளைத்து
அதன் ஓரமும் பச்சையாகிறது.
இக்கரைக்கு அக்கரை மட்டும்
அவனுக்கும் நமக்கும் ஒரே பச்சை.
இங்கே கரை ஏது?
எதிர்ச் சரிவில் நிற்பவன்
எங்கள் சரிவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான்.
அவன் இலைக்கும் அதே விலைதான்.

மாசியில் ஒருநாள்
குன்னூரிலிருந்து டேஸ்டர் வந்தார்.
வரிசையாய்க் கிண்ணங்கள்.
உறிஞ்சினார், நாக்கில் உருட்டினார், துப்பினார்.
"கிரீன்" என்றார்.
சரியாகப் புளிக்காத தூளுக்கு
அவர்கள் வைத்த பெயராம் அது.
ஒரு சொல்லில்
கிலோவுக்கு ஆறு ரூபாய் இறங்கியது.

ஆறு ரூபாயை எங்கே போய்த் தேடுவது?
சாக்கில்தான்.
ஈரக்கழிவு என்று இரண்டு கிலோ
ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது.
"மூணு போடு" என்றார் போஜராஜ்.
மழை பெய்து நாற்பது நாள்.
போட்டேன். நீல மையில்.
பச்சை மையில் எழுத
நான் ஆபீசரா என்ன.

பொறாமைக்கெல்லாம் நாம்
இந்தச் சொல்லைச் செலவழிப்பதில்லை;
அதற்கு வயிறு எரிந்தால் போதும்.
நமக்குப் பச்சை என்றால் அடுப்பேறாதது,
மேலே மூடி இல்லாதது.
நான் எழுதிய மூன்றுக்குப் பெயர் தேட
எந்தப் புத்தகமும் வேண்டியிருக்கவில்லை.
பொய்க்கு முன்னால் அதைப் போட்டுப் பார்த்தேன்,
பொருந்தியது.
துரோகத்துக்கு முன்னால் போடாமல்
விளக்கை அணைத்துப் படுத்தேன்.

பவளக்கொடி வந்தது செவ்வாய்க்கிழமை.
பிள்ளை பெற்று இருபத்தாறு நாள்,
பச்சை உடம்பு.
காதை மூடித் துண்டு, முதுகில் சாக்கு.
பச்சை மண்ணை நாத்தனார் மடியில்
போட்டுவிட்டு வந்திருக்கிறாள்,
பல்லில் பச்சைத் தண்ணி படவில்லை காலையிலிருந்து.
பின்னால் நின்றவளிடம் சொன்னதுதான் இதெல்லாம்,
என்னிடம் இல்லை.

முள் இருபத்திரண்டரையில் ஆடி நின்றது.
பத்தொன்பதரை என்று எழுதினேன்.
நிமிர்ந்தபோது
அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து
வட்டமாய்ப் படர்ந்துகொண்டிருந்தது.
பாலூட்டும் நேரம் தாண்டியிருக்கும்.
அந்தக் கொட்டகையில் அன்றைக்கு இருந்த ஈரம்
அவ்வளவுதான்.

"என்ன எழுதுறீங்க?"
"கிரீன் லீஃப்... கிராஸ் வெயிட்டுல
மாய்ஸ்ச்சர் போக, நெட்டு..."
"இங்கிலீசு வேணாம்ண்ணே.
பச்சையா சொல்லுங்க."

சொன்னேன்.

வரிசையில் பேச்சு நின்றது.
போஜராஜ் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.
அடுத்த சாக்கைத் தராசில் ஏற்றியவள்
முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை,
அதற்கடுத்தவளும்.

சனிக்கிழமை கணக்கு முடித்துக் கையில் கொடுத்தார்கள்.
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு.
குஞ்சப்பனை தாண்டியதும் குடல் புரண்டது.
கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
காதோரம், கழுத்தோரம்
எங்கேயும் பச்சை இல்லை.
வெளியேதான்,
வளைவுக்கு வளைவு,
கிலோ என்ன விலையோ.